பொட்டு வைத்த ஃபிளாப்பி

அத்தியாயம் 11

போன வாரம் சாமுண்டீஸ்வரியைக் கையில் டெலிபோன் ரிசீவரோடு ஹாலில் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டேன். வாசகிகள் சிலர் கோபித்துக்கொண்டு கார்டு போட்டிருக்கிறீர்கள். நியாயந்தான்.

ஆனால் அவள் அப்படி நின்றதில் புதுமை ஒன்றும் இல்லை. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நிற்கிறாள். மஸ்கட்டிலிருந்து கணவன் சிட்டிபாபு கூப்பிடுவான். கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாமனார் பொன்னுரங்கம் உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேன்." "சாப்பிட்டேன்." "மாமா நல்லா இருக்காரு." "வெச்சிடட்டுமா?" இந்த நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிறு சிட்டிபாபுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கான்ட்ராக்ட் முடியுது சாமுண்டி. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடவா? போன்ல உன் வாயைத் திறக்க முடியாது. அனுப்பினேனே லாப்டாப், அதை லோகுகிட்டச் சொல்லிச் சரிபண்ணி ஈமெயில்ல எழுது. விஜயதசமிக்கு மறுநாள் எம்.டி. ரூமுக்குப் போகணும். நீ என்ன சொல்றியோ அதான்."

என்ன சொல்வது என்பதில் சாமுண்டிக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. வந்துடுங்க. அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில், பீர்க்கன்கரணை ஏரிக்கரை வீட்டில், மாமியாரும் போய்ச் சேர்ந்தபின், அதிகம் பேசாத மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன சொல்ல இருக்கும்?

சொல்லத்தான் வரவில்லை. ஒரு தடவை பெருங்களத்தூரில் எஸ்.டி.டி. பூத்துக்குக்கூடப் போய்ப் பார்த்தாள். கூண்டுக்குள் காசைக் காட்டும் சிவப்பு எண்கள் ஓட, கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். தபாலில் எழுதினால் போய்ச்சேரப் பத்து நாளாகும். ஆக, மிஞ்சியது அந்த லாப்டாப்தான்.

அது சிட்டிபாபுவின் ஆபீஸில் கழித்துப்போட்டதை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கறுப்பாக, செங்கல் கனம் கனத்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் சுவரிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் கண் விழிக்கும். அதிலிருந்த பழைய விண்டோஸ் இன்டர்நெட்டுக்கு ஒத்துவராது, விண்டோஸ் 95 ஏற்றியாகவேண்டும் என்று சொன்னவன் கொழுந்தன் லோகநாதன். கிண்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கம்பெனியில் வேலை, குரோம்பேட்டையில் தனிக்குடித்தனம். ரிச்சி தெருவில் அலைந்து மெமரி சிப் வாங்கிவந்து போன வாரமே உள்ளே செருகிவிட்டான். போன் லைனில் கம்ப்யூட்டரைப் பேசவைக்கிற மோடம் பெட்டி அவன் கம்பெனி உபயம்.

வரிசையாக நம்பர் போட்ட விண்டோஸ் ஃபிளாப்பிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

"ஆயுத பூஜையன்னிக்கு எங்க கம்பெனியிலயே ஸ்க்ரூடிரைவரைத் தொடவிட மாட்டாங்க அண்ணி. விஜயதசமி காலையில வரேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். அதுவரைக்கும் டப்பாவை மேல வெச்சிருங்க. யாரும் தொடாம பார்த்துக்குங்க."

இன்று விஜயதசமி.

சொன்னபடி லோகநாதன் வந்தான். நேற்று வாசலில் உடைத்த பூசணிக்காயைத் தாண்டி, பைக்கை நிறுத்தி, பொரிகடலையை ஒரு கை வாயில் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஃபிளாப்பியின் பின்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு தகடு இருக்குமே, அதன்மேல் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும்.

"நைனா!"

பொன்னுரங்கம் வாசல்பக்கமிருந்து வந்தார். "இன்னாடா?"

"இது இன்னா வேலை?"

"பொட்டு."

"பொட்டுன்னு எனக்குத் தெரியுது! இதுக்குப் போய் யாராவது பொட்டு வெப்பாங்களா?"

"ஆயுதபூசைக்கு வெக்காம வேற எதுக்கு வெப்பாங்க? ஸ்கூட்டருக்கு வெச்சேன். மோட்டாருக்கு வெச்சேன். அரிவாமணைக்கு வெச்சேன். இதுக்கும் வெச்சேன்."

"ஐயோ, உள்ள மெல்லிசா ஒரு தகடு சுத்தும் நைனா. தூசி போனாலே அவுட்டு. நீ சந்தனத்தைக் கரைச்சு ஊத்தி வெச்சிருக்கியே! படிச்சவன் வீட்டுல நடக்கிற வேலையா இது?"

சமையலறை வாசலில் சாமுண்டி கரண்டியோடு நின்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. காரணம் அவளுக்குத்தான் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் நேற்று லாப்டாப்பின் மூடிக்கு மட்டும்தான் ஒரு பொட்டு வைத்தார். மேலே இருந்த டப்பாவை எடுத்துவந்து நீட்டியது சாமுண்டி. "மாமா, இதுக்கும் வைங்க. இதுலதான் எல்லாமே இருக்காம்" என்றாள். எங்கே வைப்பது என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அந்த வட்டத்தைச் சுட்டிக்காட்டியதும் அவளேதான். பொட்டுக்கென்றே இடம் விட்டுவைத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. எப்படியாவது இது வேலை செய்துவிடவேண்டும் தாயே என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள்.

"லோகு, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"இவ ஒண்ணும் செய்யல" என்று பொன்னுரங்கம் முந்திக்கொண்டார். "எனக்கு இன்னா தெரியும், ஏரு ஓட்டினவன். தொடைச்சிக்கினு வேலையைப் பாரு."

அவள் பக்கம் திரும்பாமலே கொல்லைப்புறம் மோட்டார் ஷெட்டுக்குப் போய்விட்டார். தன்னால் அவர் திட்டு வாங்கிவிட்டாரே என்றிருந்தது சாமுண்டிக்கு. பின்னால் போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் குழம்பைக் கிளறப் போனாள்.

லோகநாதன் ஸ்பிரிட்டும் பஞ்சும் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்தான். முணுமுணுத்துக்கொண்டே முதல் ஃபிளாப்பியைச் செருகினான். ஏறியது. இரண்டாவதும் ஏறியது. சாமுண்டிக்கு மூச்சு வந்தது. ஏழாவதைப் போட்டதும் பெட்டிக்குள் 'கர்ர்ர்... கர்ர்ர்' என்று சுரண்டுகிற சத்தம் கேட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றுவிட்டது.

எடுத்தான், ஊதினான், போட்டான். மறுபடி சுரண்டல்.

"உள்ள இறங்கிடுச்சு அண்ணி. இது பேஜார் கேஸு."

"இப்ப என்ன ஆகும் லோகு?"

"பழைய விண்டோஸ் பாதி போயிருச்சு. புதுசு பாதிதான் ஏறியிருக்கு. நடுவுல நிக்குது."

"அணைச்சிட்டு, இருந்தபடியே இருக்கட்டும்னு விட்டுட்டா?"

"இருந்தபடி எங்க இருக்கு? ஏழாம் நம்பர் கிடைச்சா உண்டு. இல்லைன்னா இது வெறும் டப்பா."

சாமுண்டி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாளைக் காலை சிட்டிபாபு எம்.டி. ரூமுக்குப் போவான். எழுதுகிறேன் என்றவள் எழுதாவிட்டால் என்ன நினைப்பான்? இவளுக்கு நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்து மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவான்.

"வேற எங்கயாவது கிடைக்குமா?"

"என் ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட ஒரு செட்டு இருக்கு, குரோம்பேட்டையில. பார்த்துட்டு வரேன். இதை அணைச்சிராதீங்க. கரண்ட் போகாம இருக்கணும்னு உங்க அம்மனை வேணா வேண்டிக்குங்க, ஆனா பொட்டு மட்டும் வெச்சிராதீங்க."

போனவன் போனவன்தான். அந்த ஃப்ரெண்டு குடும்பத்தோடு குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தானாம். லோகநாதன் அவன் வீட்டு வாசற்படியில் காத்துக்கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

மதியம் மாமனாரும் மருமகளும் சாப்பிட்டார்கள். அவருக்கு அவள் பரிமாறினாள், அவர் எழுந்ததும் அவள் உட்கார்ந்தாள். பண்டிகை வடை தட்டில் அப்படியே இருந்தது. இந்த வீட்டைச் சுற்றி ஒரு காலத்தில் இவர்கள் நெல் விளைந்ததாம். இப்போது மனை மனையாக வீடு முளைத்து, எல்லா வீட்டிலும் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ யாரையோ அடிக்கிறார்கள். இந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அடுத்த அறையில் அந்தக் கறுப்புப் பெட்டி பாதித் திரையோடு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

"சிட்டிக்கு எதனா அவசரமா சொல்லணுமா?" கை கழுவிக்கொண்டே பெரியவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. சும்மாதான்."

அவரிடம் எப்படிச் சொல்வாள்? மளிகைக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் "என் பெரியவன் மஸ்கட்ல கீறான்" என்று சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்வதை அவள் பார்த்திருக்கிறாள். மகனைத் திரும்பக் கூப்பிடுகிற மருமகள் என்று பெயர் வாங்க அவளுக்குப் பயம்.

"நல்ல நாளு. இன்னிக்கு போன் பண்ணுவான்" என்றார்.

"ஞாயித்துக்கிழமைதானே மாமா பண்ணுவாரு?"

"நல்ல நாளாச்சேன்னு சொன்னேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லோகநாதன் திரும்பியபோது மழை தூறத் தொடங்கி, தெருவிளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஃபிளாப்பியைச் செருகினான். சாமுண்டி கண்ணை மூடிக்கொண்டாள். சுரண்டல் இல்லை. கோடு நகர்ந்தது. மீதியெல்லாம் மளமளவென்று ஏறி, பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்து, திரையில் நீல வானமும் வெள்ளை மேகமுமாக வந்து நின்றது.

"வந்துடுச்சு அண்ணி!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு காபி போடப் போனாள்.

ஹாலில் இருந்த போன் லைனிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து அவள் அறைவரை கொண்டுவந்து மோடத்தில் மாட்டினான். கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் போட்டுவைத்தான். அதற்குள் அவன் இடுப்பில் பேஜர் கத்தியது.

"பல்லாவரத்துல ஒரு கம்பெனி. பூஜை முடிஞ்சதும் மெஷின் எழுந்திருக்கலியாம். அங்க எவன் எதுக்குப் பொட்டு வெச்சானோ." எழுந்தவன் தயங்கினான். "மெயில் போறவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமா அண்ணி?"

"வேணாம் லோகு. நீ கிளம்பு. நான் பார்த்துக்கறேன்."

யாரும் பக்கத்தில் இல்லாமல் எழுதவேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடு.

"அப்ப சரி. இந்தப் படத்தை அமுக்கினா டயல் ஆகும். இங்க எழுதுங்க. எழுதிட்டு இதை அமுக்குனா போயிரும், அந்த நிமிஷமே அங்க இருக்கும்." ஹாலைத் தாண்டும்போது அப்பாவிடம் குரலை உயர்த்தினான். "நைனா, அண்ணி லைன்ல இருக்கும்போது நீ ரிசீவரைத் தூக்கக்கூடாது. தூக்கினா கட் ஆயிடும்."

"தொடமாட்டண்டா. நேத்து தொட்டதே போதும்."

பைக் சத்தம் தேய்ந்தது. சாமுண்டி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படத்தை அமுக்கினாள். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. லைன் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் லோகநாதன் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதுகிறவரைக்கும் லைன் தேவையில்லை, முதலில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு டயல் செய்தால் போதும். அவனுக்கு அது சொல்லவே வேண்டாத விஷயம். சாமுண்டியோ, போனில் பேசுவதுபோலத்தான் இதுவும், லைன் இருக்கும்போதே எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். 'அன்புள்ள' என்று ஆரம்பித்து அழித்தாள். 'என்னங்க' என்று ஆரம்பித்தாள்.

பிறகு கை நிற்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஜோடி ஜோடியாகப் போகிறவர்களுக்கு நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை எழுதினாள். ஜுரத்தில் கிடந்தபோது தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் தானே எழுந்து போனதை எழுதினாள். 'விசேஷம் ஒண்ணுமில்லையா' என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களிடம் எந்த முகத்தோடு நிற்பது என்று எழுதினாள். நாள் முழுக்கத் தன் குரலைத் தானே கேட்காத நாட்கள் இருக்கின்றன என்று எழுதினாள்.

படித்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. இதைப் படித்தால் அவர் எப்படிச் சாப்பிடுவார்? எல்லாவற்றையும் அழித்தாள். 'உங்கள் இஷ்டம்' என்று எழுதினாள். அது பொய். அதையும் அழித்தாள். மறுபடி நீளமாக எழுதினாள், மறுபடி அழித்தாள். வெளியே மழை வலுத்தது. கரண்ட் போவதற்குள் அனுப்பியாகவேண்டும் என்ற பதற்றத்தில், கடைசியில் ஒரே வரி நின்றது.

'வந்துடுங்க. என்னால தனியா இருக்க முடியல.'

அனுப்பினாள்.

போய்விட்டது. நான்கு வருஷமாக வராத வார்த்தை. மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாகச் சிரித்தாள். பெட்டியை அணைத்துவிட்டு, மாமாவுக்கும் ஒரு வாய் காபி தரலாம் என்று கதவைத் திறந்தாள்.

பொன்னுரங்கம் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். டி.வி.யைக்கூடப் போடவில்லை.

"ஆயிட்டுதாம்மா?"

"ஆயிடுச்சு மாமா."

"நான் தொடவேயில்ல."

அவள் பதில் சொல்லுமுன் கேட் கிரீச்சிட்டது. குடையை மடக்கிக்கொண்டு அமலராணி டீச்சர் படியேறினாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள். மஸ்கட் போன புதிதில், இந்த வீட்டுக்குப் போன் வருமுன், சிட்டிபாபு டீச்சர் வீட்டுக்குத்தான் போன் செய்து இவர்களைக் கூப்பிடச் சொல்லுவான்.

"என்ன சாமுண்டி, அப்படி யார்கிட்ட பேசிட்டிருந்தே? சிட்டிபாபு எங்க வீட்டுக்குப் பண்ணிட்டார்!"

"எப்ப டீச்சர்?"

"இப்பதான் வெச்சார். உங்க நம்பரை ஒரு மணி நேரத்துக்கு மேல அடிச்சிருக்கார். எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வந்துச்சாம். எங்க வீட்டுக்கும் அடிச்சாராம், நான் இப்பதான் சர்ச்சுலேர்ந்து வந்தேன். அவங்க எம்.டி. இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட்ல லண்டன் போறாராம். அதனால இன்னிக்கே சொல்லுன்னு உக்காந்துட்டாராம். 'அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு பார்த்தேன் டீச்சர், லைனே கிடைக்கல. போட்டுட்டேன்னு சொல்லிடுங்க'ன்னார்."

"எதைப் போட்டான்?" என்றார் பொன்னுரங்கம்.

"கையெழுத்துதான் சார். இன்னும் மூணு வருஷம்! நல்ல நாள்ல நல்ல சேதி. ஜெபத்துல நினைச்சுக்கறேன்." டீச்சருக்கு நிஜமாகவே சந்தோஷம். சாமுண்டியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சாமுண்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி எழுதி அழித்த அந்த ஒரு மணி நேரம். அத்தனை நேரமும் அவன் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மணி அடிக்கவேயில்லியேம்மா" என்றார் பொன்னுரங்கம். அவர் குரல் உடைந்திருந்தது. "நான் இங்கயேதானே குந்திக்கினு இருந்தேன். ஒரு தபா கூட அடிக்கலியே."

"நான் லைனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன் மாமா. அப்ப அடிக்காது. எனக்கு அது தோணலை."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அவன் கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்ப?"

இந்த வீட்டில் யாரும் அவளை இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

"வந்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"நானும் அதத்தான் சொல்லலாம்னு குந்திக்கினு இருந்தேன்."

சாமுண்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு அவன் அங்க கீறதுதான் புடிச்சிருக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நான் வாயத் தொறந்து கெடுக்கக் கூடாதுன்னு கம்முனு இருந்தேன். நாலு வருசமா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதானேம்மா அவன்கிட்ட சொன்ன?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே மாமா."

அவர் முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். அவளும் முந்தானையை எடுத்தாள். ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அவர்தான் கேட்டார்.

"அந்தப் பொட்டியில எழுதினியே. அதுல இன்னா எழுதின?"

"அதேதான்."

"அவன் கையெழுத்துப் போட்டாச்சே. நீ எழுதினத்த திருப்பி வாங்கிக்க முடியாதா?"

"முடியாது மாமா. போயிடுச்சு" என்றாள் சாமுண்டி. "நாளைக்கு ஆபீஸ் போனதும் படிப்பாரு."